அமெரிக்காவில் ஃப்ளைட் டிஸ்பாட்சர் வேலை: சர்டிபிகேட்டில் தொடங்கி முதல் ஆண்டுச் சம்பளம் வரை

அமெரிக்காவில் க்ரீன் கார்டோ ஈஏடியோ (வேலை அனுமதி அட்டை) கையில் வைத்துக்கொண்டு ஐடி அல்லாத ஒரு வேலை தேடும் நம் ஆட்கள் பலர் இந்த ஏர்லைன் டிஸ்பாட்சர் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஐந்தாறு வாரப் படிப்பு, எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிப்படி டிகிரி தேவையில்லை, பெரிய ஏர்லைனில் சீனியர் ஆகிவிட்டால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேலே. இதெல்லாம் உண்மைதான். ஆனால் படிப்புக்கும் அந்த ஒன்றரை லட்சத்துக்கும் நடுவே இருக்கும் முதல் இரண்டு வருடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்போது சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் போய் உட்கார வேண்டும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் எந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும் என்பதைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இப்போது ஒரு ரீஜனல் ஏர்லைனில் (பெரிய ஏர்லைன்களுக்காகக் குறைந்த தூரம் பறக்கும் சிறிய ஏர்லைன்) வேலை பார்க்கிறேன். அடுத்து வருகிறவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

வேலை என்ன என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். விமானம் போகும் பாதை, ஏற்ற வேண்டிய எரிபொருள், வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் வானிலை, இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று விமான நிலையம் எல்லாவற்றையும் திட்டமிட்டு, ரிலீஸ் என்னும் புறப்பாட்டு அனுமதித் தாளைத் தயாரிப்பவர் டிஸ்பாட்சர். அந்த ரிலீஸில் கேப்டனும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். அட்டவணைப்படி பறக்கும் ஏர்லைன்களில் ஒரு விமானத்தை அனுப்புவதா, தாமதிப்பதா என்பதில் இருவருக்கும் சட்டப்படி சம பொறுப்பு. கிளம்பிய பிறகும் இறங்கும்வரை அதைக் கண்காணிக்க வேண்டும். ரீஜனலில் ஒரு ஷிப்டில் முப்பது நாற்பது விமானங்கள் உங்கள் கையில் இருப்பது சாதாரணம். இடியும் மழையுமாக இருக்கும் ஜூலை மாலை ஒன்றில் அந்த முப்பதில் பத்து விமானங்கள் ஒரே நேரத்தில் வட்டமடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பதற்றத்தில் நிதானமாக இருக்க முடியும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

1. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் வேலை அனுமதியைப் பாருங்கள்

எஃப்ஏஏ சர்டிபிகேட் வாங்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பள்ளிகளும் அதைச் சொல்லியே ஆள் சேர்க்கின்றன. ஆனால் சர்டிபிகேட் வேறு, வேலை அனுமதி வேறு. தொடக்கநிலை வேலை விளம்பரங்களில் "ஸ்பான்சர்ஷிப் கிடையாது" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எச்-1பி வழியும் இதற்குச் சரிப்பட்டு வராது. எச்-1பி வேண்டுமென்றால் அந்த வேலைக்கே குறிப்பிட்ட துறையில் ஒரு டிகிரி தேவை என்று காட்ட வேண்டும், இது டிகிரி கேட்காத வேலை.

ஆக, க்ரீன் கார்டு, குடியுரிமை, அல்லது எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய விடும் ஈஏடி, இந்த மூன்றில் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எச்-4 ஈஏடி (எச்-1பியில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான அனுமதி) வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏர்லைன் பயிற்சி நடக்கும்போது அனுமதி காலாவதியானால் அந்த பேட்ச் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே கார்டைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்து படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டூரிஸ்ட் விசாவில் வந்து இந்தக் கோர்ஸில் சேரக் கூடாது. ஐ-20 (மாணவர் விசாவுக்குத் தேவையான படிவம்) தரும் பள்ளியா என்று கேளுங்கள், பல பள்ளிகள் தருவதில்லை. அப்படியே படித்து சர்டிபிகேட் வாங்கினாலும் அதைக் காட்டி இந்திய ஏர்லைனில் நேரே உட்கார முடியாது. அங்கே ஏர்லைன் பயிற்சி கொடுத்து, இந்திய விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பதுதான் திட்டம் என்றால் முதலில் அங்குள்ள ஏர்லைன்களின் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள், லட்சக்கணக்கில் செலவழித்து இங்கே வராதீர்கள்.

2. வயதும் பெயரும்

எழுத்துத் தேர்வுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சர்டிபிகேட் கையில் வர 23 ஆகியிருக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் தேர்வெல்லாம் முடித்துக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு 23 ஆனதும் சர்டிபிகேட்டாக மாற்றிக்கொள்ளலாம். மேல் வயது வரம்பு கிடையாது. விமானிகளுக்குப் போல மெடிக்கல் சர்டிபிகேட்டும் தேவையில்லை, கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று கவலைப்பட வேண்டாம்.

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர், டிரைவிங் லைசென்ஸில் அதே பெயர் முன்பின்னாக, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் சர்நேம் இடத்தில் உங்கள் பெயர், சிலருக்கு முன்பெயர் இடத்தில் எஃப்என்யு (முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்). இப்படி மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் தேர்வு மையத்திலும் மாட்டுவீர்கள், பின்னால் ஏர்லைனின் பின்னணிச் சோதனையிலும் மாட்டுவீர்கள். வரிசை இதுதான்: முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அப்புறம் டிரைவிங் லைசென்ஸ், அதற்குப் பிறகே எஃப்ஏஏவின் ஐஏசிஆர்ஏ தளத்தில் கணக்கு. அந்தக் கணக்கு தொடங்கும்போது எஃப்டிஎன் என்று ஒரு எண் தருவார்கள். அது இல்லாமல் எழுத்துத் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியாது. லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதியுங்கள்.

தேர்வு மையம் கேட்கும் அடையாள அட்டையில் படம், பிறந்த தேதி, கையெழுத்து, இப்போது வசிக்கும் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் முகவரிக்குத் தனிச் சான்று கேட்பார்கள். இந்திய முகவரி மட்டும் கொடுப்பவர்கள் அமெரிக்காவில் ஒரு ஏஜெண்டையும் எஃப்ஏஏவிடம் பதிய வேண்டும், 2025 முதல் இது கட்டாயம்.

3. எழுத்துத் தேர்வு

தேர்வின் பெயர் ஏடிஎக்ஸ். 80 கேள்விகள், 3 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பிஎஸ்ஐ மையங்களில் கம்ப்யூட்டரில் எழுதலாம், கட்டணம் 175 டாலர். விதிகள், வானிலை, வரைபடம், எடைக் கணக்கு, விமானத்தின் திறன் அட்டவணைகள் என்று வரும். முடிவு 24 மாதம் செல்லும், அதற்குள் பிராக்டிகல் முடித்துவிட வேண்டும்.

கோர்ஸ் நடக்கும்போதே இதை எழுதுவது பலரின் வழக்கம். முடிந்தால் கோர்ஸுக்கு முன்பே எழுதிவிடுங்கள் என்பேன். இதற்கு ஆசிரியரின் கையெழுத்து தேவையில்லை, வயதும் அடையாள அட்டையும் இருந்தால் போதும். வீட்டில் இரண்டு மூன்று மாதம் மாலையில் உட்கார்ந்து படித்தால் தேறலாம். கோர்ஸின் அந்த ஐந்தாறு வாரம் ஏற்கெனவே நெருக்கடி, அதில் இந்தத் தேர்வையும் திணித்தால் பிராக்டிகலுக்கான பயிற்சிதான் அடிபடும். தவிர, இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது ஆயிரக்கணக்கில் கட்டும் முன்பே தெரிந்துவிடும். தேறாமல் போனால் 30 நாள் காத்திருக்க வேண்டும், அல்லது கூடுதலாகக் கற்றுக்கொடுத்தோம் என்று ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி முன்கூட்டியே எழுதலாம்.

விடைகளை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏடிஎக்ஸை அப்படிக் கடந்துவிடலாம். ஆனால் பிராக்டிகலில் எதிரே உட்காரும் எக்ஸாமினர் இரண்டாவது "ஏன்" கேட்கும்போதே தெரிந்துவிடும்.

4. பள்ளி: எவ்வளவு, எதற்கு

குறைந்தது 200 மணி நேரப் பயிற்சி என்பது விதி. முழுநேர வகுப்பாக ஐந்து அல்லது ஆறு வாரம். இன்னொரு வகை, பாதியை வீட்டிலிருந்து படித்துவிட்டுக் கடைசி ஒன்றிரண்டு வாரம் மட்டும் நேரில் போவது. குழந்தைகள் இருப்பவர்களுக்கு இரண்டாவது வகை வசதி. விமானி, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு), ராணுவ விமானப் பிரிவு போன்ற முன்னனுபவம் இருந்தால் சில மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு.

கட்டணம் பெரும்பாலும் 4,500 முதல் 7,000 டாலருக்குள் இருக்கிறது. விளம்பரத்தில் இருக்கும் தொகையை அப்படியே நம்பி பட்ஜெட் போடாதீர்கள். பணம் கட்டும் முன் ஈமெயிலில் கேட்டு, ஈமெயிலில் பதில் வாங்க வேண்டியவை: ஏடிஎக்ஸ் கட்டணம் இதில் அடக்கமா? எக்ஸாமினருக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா (பல இடங்களில் சில நூறு டாலர் தனி)? பிராக்டிகலில் தேறாவிட்டால் மறுதேர்வுக்கு எவ்வளவு? புத்தகங்கள், வரைபடங்கள் யார் செலவு? நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்? நான் முதலில் முன்பணம் கட்டிய பள்ளி வகுப்புத் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டது, பணத்தைத் திரும்பக் கேட்டபோது கட்டணச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டியது. அதனால்தான் எழுத்தில் வாங்குங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெளியூர்ப் பள்ளி என்றால் தங்குமிடம், சாப்பாடு, கார் எல்லாம் சேர்த்து இன்னும் 2,000 டாலருக்குக் குறையாமல் ஆகும். ஆகமொத்தம் எட்டாயிரம் ஒன்பதாயிரம் டாலர் ஒதுக்கிவிட்டு இறங்குவது பாதுகாப்பு. அந்த வாரங்களில் சம்பளம் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு எஃப்ஏஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று எஃப்ஏஏவின் பட்டியலில் நீங்களே பாருங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: போன வருடம் படித்தவர்கள் இப்போது எந்த ஏர்லைனில் இருக்கிறார்கள்? ரீஜனல்களின் ஆட்தேர்வுக் குழு நேரே வகுப்புக்கு வந்து இன்டர்வியூ எடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆயிரம் டாலர் கூடுதலாக இருந்தாலும் அந்தப் பள்ளிதான் லாபம்.

5. பிராக்டிகல் தேர்வு

ஒரு பெரிய விமானத்தை வைத்து, பல பள்ளிகளில் அது போயிங் 737, கையாலேயே ஒரு முழு ஃப்ளைட் பிளான் போட வேண்டும். பிறகு எக்ஸாமினருடன் நேருக்கு நேர் வாய்மொழித் தேர்வு. எல்லாம் சேர்த்துப் பல மணி நேரம் போகும். வானிலைப் படங்களைப் பார்த்து இந்த விமானத்தை இப்போது அனுப்புவீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் காரணம் சொல்ல வேண்டும்.

கோர்ஸ் முடிந்த கையோடு இதை முடித்துவிடுங்கள். 90 நாள் தாண்டிவிட்டால் நீங்கள் இன்னும் தயாராகத்தான் இருக்கிறீர்கள் என்று பள்ளி மறுபடி உறுதிசெய்ய வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் காசும் கேட்கலாம். தேறியதும் 120 நாள் செல்லும் தற்காலிக சர்டிபிகேட் கிடைக்கும், பிளாஸ்டிக் அட்டை தபாலில் வரும். அதனால் அந்த நாட்களில் வீடு மாறினால் எஃப்ஏஏ தளத்தில் முகவரியை உடனே மாற்றுங்கள். இந்தச் சர்டிபிகேட்டுக்குக் காலாவதி இல்லை.

கோப்பில் வைக்க வேண்டியவை: ஏடிஎக்ஸ் மதிப்பெண் தாள், கோர்ஸ் முடித்த சான்று, தற்காலிக சர்டிபிகேட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, க்ரீன் கார்டு அல்லது ஈஏடி, பாஸ்போர்ட். கூடவே கடந்த பத்து ஆண்டுகளில் எங்கே வசித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், இடையில் எந்த மாதங்கள் சும்மா இருந்தீர்கள் என்ற பட்டியல். இந்தியாவில் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது என்றால் ரிலீவிங் லெட்டரையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே தேடி எடுங்கள். வேலை கிடைத்த பிறகு தேடினால் நேரம் போதாது.

6. எங்கே விண்ணப்பிப்பது

புதிதாகச் சர்டிபிகேட் வாங்கியவரை எடுப்பது பெரும்பாலும் ரீஜனல் ஏர்லைன்கள்தான். ஸ்கைவெஸ்ட் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜில், ரிபப்ளிக் இண்டியானாபோலிஸ் பக்கம், என்வாய் டாலஸ் பக்கம், என்டெவர் மினியாபோலிஸில், பீட்மான்ட் மேரிலாண்டின் சாலிஸ்பரியில், கோஜெட் செயின்ட் லூயிஸில். ஒரு ஏர்லைனின் டிஸ்பாட்ச் முழுவதும் ஒரே கட்டடத்தில்தான் உட்காரும். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை இது இல்லை. நியூ ஜெர்சியில் வீடும் கணவரின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, வேலை செயின்ட் ஜார்ஜில் கிடைத்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். படித்து முடித்துவிட்டு இந்த ஒரு காரணத்தாலேயே வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கன் (ஃபோர்ட் வொர்த்), டெல்டா (அட்லாண்டா), சவுத்வெஸ்ட் (டாலஸ்), யுனைடெட் (சிகாகோ), சரக்கு என்றால் ஃபெட்எக்ஸ் (மெம்ஃபிஸ்), யுபிஎஸ் (லூயிவில்) ஆகியவை பொதுவாக அனுபவம் கேட்கும். பார்ட் 121 என்னும் விதிகளின் கீழ் பறக்கும் ஏர்லைனில் டிஸ்பாட்சராக இருந்த அனுபவம்தான் இங்கே செல்லும். தனியார் ஜெட், சார்ட்டர் கம்பெனிகளின் ஃப்ளைட் ஃபாலோயர் (விமானத்தைக் கண்காணிப்பவர்) வேலை நல்ல வேலைதான், ஆனால் அதை எல்லோரும் சமமாக எண்ணுவதில்லை. கையில் இரண்டு ஆஃபர் இருந்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பார்ட் 121 டெஸ்க்கை எடுங்கள்.

தேடும்போது வெறும் "டிஸ்பாட்சர்" என்று போட்டால் லாரி, டாக்ஸி, 911 வேலைகள்தான் குவியும். "ஏர்கிராஃப்ட் டிஸ்பாட்சர்" என்று முழுதாகப் போடுங்கள். ஏர்லைன்களின் சொந்தத் தளங்களையே அடிக்கடி பார்ப்பது இன்னும் நல்லது, சில விளம்பரங்கள் ஒரு வாரத்தில் மூடிவிடும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். ஐடியில் இருந்தவர்கள் ஒன்றை மறைக்காதீர்கள்: ராத்திரி ஷிப்டில் புரொடக்ஷன் சப்போர்ட் பார்த்தது, சர்வர் விழுந்தபோது நாலு குழுவை ஒரே போன் அழைப்பில் வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தது. இதைத்தான் டிஸ்பாட்ச் மேனேஜர்கள் தேடுகிறார்கள். தெரிந்த ப்ரோகிராமிங் மொழிகளின் நீண்ட பட்டியல் வேண்டாம்.

7. இன்டர்வியூ

ரீஜனல் இன்டர்வியூ இரண்டு பகுதி. ஒன்று எச்ஆர் கேள்விகள். கேப்டன் எரிபொருள் அதிகம் கேட்கிறார், உங்களுக்கு உடன்பாடில்லை, என்ன செய்வீர்கள் என்ற மாதிரி. இன்னொன்று தொழில்நுட்பம். கீழே இருப்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு விமானம் போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்வரை மேகத்தளம் 2,000 அடிக்கும் பார்வைத்தூரம் 3 மைலுக்கும் குறையாது என்று கணிப்பு இருந்தால் மாற்று நிலையம் வேண்டாம். இதைத்தான் 1-2-3 விதி என்பார்கள். எரிபொருள்: போய்ச் சேர, அங்கிருந்து மிகத் தொலைவில் உள்ள மாற்று நிலையத்துக்குப் போக, அதற்கு மேல் 45 நிமிடம். கிளம்பும் இடத்தில் வானிலை தரையிறங்கும் அளவுக்குக் கீழே இருந்தால் டேக்ஆஃப் ஆல்டர்னேட் (கிளம்பிய உடனே இறங்க வேண்டி வந்தால் போகும் மாற்று நிலையம்) வேண்டும். இரண்டு எஞ்சின் விமானத்துக்கு அது, ஒரு எஞ்சின் நின்றுபோன நிலையில், காற்று வீசவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

மெட்டார் (விமான நிலையத்தின் இப்போதைய வானிலை அறிக்கை), டாஃப் (வானிலைக் கணிப்பு) இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டாஃபில் டெம்போ (தற்காலிகமாக), ப்ராப் (இத்தனை சதவீத வாய்ப்பு) என்று வரும் பகுதிகளை "அது தற்காலிகம்தானே" என்று தள்ளிவிடுவார்கள். விதிப்படி அதையும் எண்ண வேண்டும், இரண்டில் மோசமானதை வைத்தே முடிவு. சில ஏர்லைன்களுக்கு இதில் எஃப்ஏஏ விலக்கு உண்டு என்பதையும் கூடவே சொன்னால் கேட்பவர் முகம் மலரும்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது, இந்தக் கையேட்டில் தேடிப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். ஊகித்துச் சமாளிப்பவரை இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது.

8. சம்பளம்: மணிக்கணக்கை ஆண்டுக்கணக்காக மாற்றிப் பாருங்கள்

ரீஜனலில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மணிக்கு இருபது டாலரை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கும். ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். மணிக்கு 22 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 2,080 மணி, ஆக 45,760 டாலர். இதிலிருந்து சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் மட்டும் 7.65 சதவீதம், சுமார் 3,500 டாலர். பிறகு வருமான வரி, காப்பீடு. தனி ஆளாக இருந்தால் மாதம் மூவாயிரத்தை ஒட்டிக் கைக்கு வரும். ஸ்டேட் வரி டெக்சாஸில் கிடையாது, யூட்டாவிலும் இண்டியானாவிலும் மினசோட்டாவிலும் உண்டு. 26 டாலர் தரும் ஊரில் வாடகை 600 டாலர் அதிகம் என்றால் அந்த நாலு டாலர் வித்தியாசம் வாடகைக்கே போய்விடும். ஆகவே இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது மணிச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆஃபர் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுபவை இவை:

பயிற்சிக் காலச் சம்பளம். சில இடங்களில் முதல் நாளிலிருந்தே முழு விகிதம். சில இடங்களில் தனியாக உட்காரும் தகுதி வரும்வரை குறைந்த விகிதம், அதற்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆஃபர் கடிதத்தில் முழு விகிதம் மட்டுமே இருந்தது. பயிற்சி விகிதம் வேறு என்பது முதல் சம்பளச் சீட்டில்தான் அவருக்குத் தெரிந்தது. பயிற்சியின்போது ஹோட்டல் தருவார்களா என்பதையும் கேளுங்கள்.

ஓவர்டைம். இது பலருக்குத் தெரியாத விஷயம். வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற மத்தியச் சட்டம் ரயில்வே லேபர் ஆக்டின் கீழ் வரும் ஏர்லைன் ஊழியர்களுக்குப் பொருந்தாது. யூனியன் ஒப்பந்தமோ கம்பெனி விதியோ என்ன சொல்கிறதோ அதுதான். ரீஜனலில் ஆள் பற்றாக்குறை அடிக்கடி வரும், ஓவர்டைம் எடுத்தே முதல் ஆண்டை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே ஓவர்டைம் விகிதம் ஒன்றரையா, சில நாட்களில் இரட்டையா, எத்தனை மணிக்கு மேல் என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே சட்ட வரம்பையும் நினைவில் வையுங்கள்: சாதாரணமாகத் தொடர்ந்து 10 மணி நேரத்துக்கு மேல் ஷிப்ட் போட முடியாது, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும்.

உயர்வு எப்போது. ஆண்டு உயர்வு வேலையில் சேர்ந்த தேதியிலிருந்தா, டெஸ்க் தகுதி பெற்ற தேதியிலிருந்தா? முழு ஊதியப் பட்டியலைக் கேளுங்கள். முதல் வருடம் மட்டும் கவர்ச்சியாக இருந்து, ஐந்தாம் வருடம்வரை அசையாமல் நிற்கும் பட்டியல்களும் உண்டு.

பயிற்சிப் பத்திரம். ஓராண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்டு என்று கையெழுத்துக் கேட்டால், தொகை மாதாமாதம் குறையுமா, அவர்களே வேலையைவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காப்பீடு தொடங்கும் நாள். சட்டப்படி 90 நாள்வரை காத்திருக்க வைக்கலாம். கணவன் அல்லது மனைவியின் காப்பீட்டில் இருந்தால் அவசரப்பட்டு விலகாதீர்கள்.

இலவச விமானப் பயணம் உண்மையிலேயே நல்ல சலுகைதான், பெற்றோருக்கும் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அது ஸ்டாண்ட்பை. இடம் காலியாக இருந்தால்தான் ஏற முடியும். டிசம்பர் கடைசியில் குழந்தைகளோடு சென்னைக்குப் போவதை அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லாததால் நடுவில் இன்னொரு ஊரிலும் காத்திருக்க வேண்டிவரும். சலுகையைச் சம்பளத்தோடு கூட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

பெரிய ஏர்லைன்களில் தொடக்கமே மணிக்கு முப்பது டாலருக்கு மேலே போகும், படிகள் வேகமாக ஏறும். அங்கே யூனியன் வலுவானது. அமெரிக்கன், சவுத்வெஸ்ட்டில் டிடபிள்யூயூ, யுனைடெட், டெல்டாவில் பாஃப்கா. ரீஜனலின் முதல் ஆண்டை அந்த இடத்துக்குப் போகும் வழியாக எண்ணி, இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கும் சேமிப்போடு வாருங்கள். குடும்பத்தில் இன்னொரு சம்பளம் இல்லாதவர்கள் இதை இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். கோர்ஸுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

9. சிறுநீர்ப் பரிசோதனை, கைரேகை

டிஸ்பாட்சர் வேலை பாதுகாப்பு சார்ந்த வேலைகளில் ஒன்று, ஆகவே சேரும் முன் மத்திய அரசு விதிப்படி போதைப்பொருள் பரிசோதனை. பிறகும் எந்த நாளிலும் திடீரென்று அழைக்கலாம். நீங்கள் இருக்கும் ஸ்டேட்டில் கஞ்சா சட்டப்படி சரி என்பது இங்கே எடுபடாது.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியது ஊரிலிருந்து பெட்டியில் வரும் மருந்துகள். கோடீன் கலந்த இருமல் சிரப் அங்கே சாதாரணமாகப் புழங்கியது, அது பரிசோதனையில் தெரியும். அமெரிக்க மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதைக் குடிக்காதீர்கள். கசகசாவும் மார்ஃபின், கோடீன் தடயத்தைக் காட்டக்கூடியது. 1998-ல் பரிசோதனையின் வரம்பை உயர்த்தியதே பெரும்பாலும் இதற்காகத்தான், அதனால் ஒரு கரண்டிக் குருமாவால் மாட்டும் வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களுக்குக் கசகசா அரைத்த எதையும் ஒதுக்கிவிடுங்கள். தற்செயல் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். பழைய வழக்கு ஏதாவது இருந்தால், தள்ளுபடியாகியிருந்தாலும், நீதிமன்ற ஆவணத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு படிவத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகும்.

10. முதல் மாதங்களும் அதன் பிறகும்

சேர்ந்ததும் சில வார வகுப்பு, பிறகு அனுபவமுள்ள டிஸ்பாட்சரின் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி, கடைசியில் காம்ப் செக் என்னும் தகுதித் தேர்வு. காக்பிட்டில் உட்கார்ந்து குறைந்தது 5 மணி நேரம் விமானச் செயல்பாட்டைப் பார்க்கவும் வேண்டும், அது ஆண்டுதோறும் தொடரும். இந்தப் பயிற்சியில் தேறாமல் வேலையை இழப்பவர்கள் உண்டு. ஆகவே அந்த மாதங்களில் ஊருக்குப் போகும் டிக்கெட், வீடு மாற்றம், கல்யாணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷிப்ட் எல்லாம் சீனியாரிட்டிப்படி. புதியவருக்கு நள்ளிரவும் சனி ஞாயிறும் பண்டிகை நாளும்தான் மிஞ்சும். பொங்கல், தீபாவளி லீவு முதல் ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள். வாடகை ஒப்பந்தம் போடும்போது ஆறு மாதத்துக்குப் போடுங்கள், காம்ப் செக் முடிந்த பிறகு நீட்டிக்கலாம்.

ஓராண்டு டெஸ்க்கில் முழுதாக உட்கார்ந்ததும் பெரிய ஏர்லைன்களின் விளம்பரங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், பலமுறை போட்டால்தான் ஒருமுறை அழைப்பார்கள். போகும் இடத்தில் சீனியாரிட்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஆகவே மாறுவதென்றால் சீக்கிரம் மாறுவது நல்லது. காம்ப் செக் தேதி, காக்பிட் மணி நேரம், முடித்த பயிற்சிகள் எல்லாவற்றின் நகலையும் வேலையைவிட்டு விலகும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலகிய பிறகு கேட்டால் வாரக்கணக்கில் இழுப்பார்கள், அடுத்த ஏர்லைனின் வகுப்புத் தேதி அதற்குள் வந்துவிடும்.